குளிர்ச்சியும் உணரியின் அங்கமே

ஃபுளூரின் வாயுக்கள் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/573 ஒழுங்குமுறை 2024 மார்ச் 11 முதல் நடப்பில் இருக்கிறது. ஹைட்ரோஃபுளூரோகார்பன்களை 2050-க்குள் சந்தையிலிருந்து முற்றிலும் விலக்குவது அதன் இலக்கு. ஃபுளூரின் கலந்த குளிர்திரவங்களின் உற்பத்தியை 2025 இறுதியோடு கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. சிலிக்கான் தடங்காணித் துறை இந்த ஒழுங்குமுறையைத் தயக்கமின்றி ஏற்க வேண்டும். விலக்கு கேட்டு மனுப் போடக் கூடாது. ஏனெனில் சி.எம்.எஸ் கண்டுணரியின் தடங்காணியில் ஓடும் பெர்ஃபுளூரோஹெக்சேனின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 8,000 மடங்குக்கும் மேல்.

மாற்று கையிலேயே இருக்கிறது. எல்.எச்.சி.பி கண்டுணரியின் முதல் வெலோ கருவியும் ஏ.எம்.எஸ்-02 தடங்காணியும் ஆவியாகும் கார்பன் டை ஆக்சைடால் குளிர்ந்தவையே. புதிய வெலோவில் கற்றையிலிருந்து 5.1 மில்லிமீட்டர் தொலைவில் உணரிகள் நிற்கின்றன. 500 மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கான் தகட்டுக்குள் பொறித்த நுண்கால்வாய்களில் அதே திரவம் ஆவியாகிறது.

குளிர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே கணக்கு காட்டிவிடும். 150 மைக்ரான் தடிமனுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் உணரி 10¹⁶ நியூட்ரான் சமானப் பாய்வளவை வாங்கியதாகக் கொள்வோம். 60 டிகிரியில் 80 நிமிட அனீலிங்குக்குப் பிந்தைய வழக்கமான சேதக் கெழுவின்படி, 20 டிகிரி செல்சியஸில் கசிவு மின்னோட்டம் 6 மில்லிஆம்பியர். 600 வோல்ட்டில் அது 3.6 வாட் வெப்பம். மைனஸ் 25 டிகிரியில் அதே உணரி தருவது சுமார் 34 மில்லிவாட். இந்தப் பாய்வளவில் நேர்கோட்டு விதி ஓரளவு தளர்வது உண்மைதான். நூறு மடங்கு என்ற இடைவெளி அதனால் மாறாது. 20 டிகிரி நிலையில் வெப்பம் கசிவைக் கூட்டும், கசிவு வெப்பத்தைக் கூட்டும். உணரி கட்டுக்கடங்காமல் சூடேறும். ஆகவே வெப்பநிலையைச் சொல்லாத கதிர்தாங்குதிறன் எண்ணுக்குப் பொருளே இல்லை. கதிர்வீச்சுக்குப் பின் உணரி எத்தனை மணிநேரம் எந்த வெப்பநிலையில் கிடந்தது என்ற பதிவு இல்லாத கட்டுரைகள் இன்றும் அச்சேறுகின்றன. தலைகீழ் அனீலிங் தொடங்கிவிட்ட உணரியையும் தொடங்காத உணரியையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒப்பிட்டு, அதைக் கொண்டு வடிவமைப்பு முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

இதற்கான பொறுப்பு ஆய்வாளர்களோடு நிற்பதில்லை. நிதிக் குழுக்கள் வேஃபருக்கும் வாசிப்புச் சிப்புக்கும் தாராளமாகக் கையெழுத்திடுகின்றன. குளிர்விப்பு மட்டும் 'பொதுச் சேவை' என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது. கதிரடிபட்ட மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டியும் கற்றைச் சோதனைக்கான சிறு குளிர்விப்பானும் பழைய வாயுக்களிலேயே ஓடுவது இதனால்தான். சட்டம் வகுத்தவர்களும் இந்த வெப்பநிலையை எண்ணிப் பார்க்கவில்லை. மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கும் கருவிகளுக்குச் சில தடைகளிலிருந்து விலக்கு உண்டு. சிலிக்கான் உணரிகள் வேலை செய்வதோ மைனஸ் 20-க்கும் மைனஸ் 40-க்கும் இடையில். பழுதான குளிர்விப்பானுக்கு வாயு கிடைக்காமல் சிறு ஆய்வகத்தில் மாதிரி அறைவெப்பத்துக்கு வந்துவிட்டால், ஆண்டுக்கணக்கான அளவீடு வீண். அந்த இழப்பு எந்த அதிகாரியின் கோப்பிலும் பதிவாகாது.

பெரிய கண்டுணரிகள் சமாளித்துக்கொள்ளும்; சி.எம்.எஸ், அட்லஸ் இரண்டின் புதிய தடங்காணிகளும் கார்பன் டை ஆக்சைடுக்கே வடிவமைக்கப்பட்டவை. தவிப்பது சிறு ஆய்வகங்கள். டிராசி போன்ற நடமாடும் கார்பன் டை ஆக்சைடு அலகுகளுக்கு உணரி மானியத்திலேயே தனி ஒதுக்கீடு வேண்டும். இனி இவ்விதழுக்கு வரும் கதிர்வீச்சுக் கட்டுரைகள் முழு வெப்பநிலை வரலாற்றையும் இணைத்திருந்தால்தான் மதிப்பாய்வுக்கு அனுப்பப்படும்.