ஒரே கிண்ணம்

கே.கே. நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். மகனைப் பார்க்க ஜப்பானுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து காலையில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நாங்கள் உலாவப் போனாலும் பேச்சு கியோத்தோவில்தான் உலாவுகிறது.

"என்ன பண்பாடு சார்! வாசலிலேயே செருப்பைக் கழற்றி விடுகிறான். பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். டீ குடிப்பதைக்கூட ஒரு பூசை மாதிரி அல்லவா செய்கிறான்!" என்று உருகுகிறார். அங்கே அவர் தின்ற தெம்புரா என்ற பஜ்ஜிக்கே, போர்த்துக்கீசியப் பாதிரிமார்களின் ஒருசந்தி நாட்களிலிருந்துதான் பெயர் வந்தது என்று சொல்கிறார்களாம். அதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. பொங்கலன்று கோயில் முற்றத்தில் பானை வைத்துப் பொங்கி, பீடத்தருகே குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பதற்காக, "வேதத்தில் கலப்படம்" என்று கையெழுத்து வேட்டையாடியவர் இதே நண்பர்தான். ஜப்பான்காரன் பாயில் உட்கார்ந்தால் பண்பாடு. நாம் பாயில் உட்கார்ந்தால் அஞ்ஞானமா? இது என்ன நியாயம், ஐயா?

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. நம் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவரிடையே உழைத்த சவேரியார்தான் 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அவருக்கு முப்பது வருஷம் பின்னால், 1579-ல், அங்கே போனார் வலிஞானோ என்ற சேசு சபைப் பெரியவர். அவர் பாதிரிமார்களுக்குப் போட்ட விதிகளைப் படித்தால் நண்பர் மூர்ச்சை போட்டு விழுவார். அந்த நாட்டார் உண்பதை உண்ண வேண்டும்; மடத்தில் ஆடு, பன்றி வளர்க்கக் கூடாது; விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்க ஒவ்வொரு மடத்திலும் தனி இடம் வேண்டும். வேதம் பரவ வேண்டுமானால் முதலில் பாதிரியார் நாக்கு மனம் திரும்பட்டும் என்றுதான் இதற்கு அர்த்தம்.

வலிஞானோ 1606-ல் மறைந்தார். அதே வருஷம் மதுரைக்கு வந்தார் தத்துவ போதகர் என்று நாம் கொண்டாடும் ராபர்ட் தெ நொபிலி. அவருக்கு முன்பே இங்கே ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் பல வருஷம் இருந்து பார்த்தார். ஊர் அவரைப் பரங்கி என்று ஒதுக்கியது. தெ நொபிலி காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் போதும் என்று இருந்தார். உடனே புகார் ரோமாபுரி வரை பறந்தது. கடைசியில் 1623-ல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், குடுமியும் நூலும் சந்தனமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆணையிட்டார். ஆக, நண்பரின் மனு நானூறு வருஷத்துக்கு முன்பே தள்ளுபடியான மனு!

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் ஜெயித்தவன் ஆவேன். ஆனால் குத்துவிளக்குக் கட்சிக்காரர்களான எங்களிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

அதே 1623-ஆம் வருஷத்து ஆணையில், எளியவர்களை இழிவாக எண்ணிக் கோயிலில் ஒதுக்காதீர்கள் என்ற உருக்கமான வேண்டுகோளும் இருந்தது. நாம் என்ன செய்தோம்? குடுமியை வாங்கிக்கொண்டு வேண்டுகோளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். உயர்ந்த சாதிக்குச் சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பாதிரிமார்களையே பங்கு போட்டோம். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி சுவர் வைத்தோம். அது இடிபட 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செத்த பிறகும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பக்கம் கேட்கிறவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். நாட்டுப் பண்பாட்டைக் கோயிலுக்குள் அழைக்கிறேன் என்று கதவைத் திறந்தோம். விளக்கு மெதுவாக வந்தது, சாதி முந்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

நண்பர் வியந்த தேநீர்க் குடிலுக்கே திரும்பி வருகிறேன். அதன் வாசல் இரண்டடிக்குச் சற்றே கூடுதலான உயரம். பிரபுவானாலும் முதுகை வளைத்துத் தவழ்ந்துதான் போக வேண்டும். இடுப்பு வாள் வெளியே நிற்கும். உள்ளே கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து தருவார்கள். ஒருவர் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். அந்தக் கலையின் மகாகுருவான ரிக்யூவின் சீடர்களில் ஒருவர் தக்கயாமா உகோன் என்ற கிறிஸ்தவப் பிரபு. வேதத்தை விடு என்று 1587-ல் ஹிதெயோஷி உத்தரவிட்டபோது, அவர் வேதத்தை விடவில்லை, நாட்டை விட்டார். 1614-ல் நாடு கடத்தப்பட்டு, அடுத்த வருஷம் மணிலாவில் இறந்தார். 2017-ல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. வாளை வெளியே வைத்துப் பழகியவருக்கு ராஜ்ஜியத்தை வெளியே வைப்பது பெரிதாகத் தெரியவில்லை போலும்.

நம் மதுரைச் சீமையிலும் தேநீர் உண்டு. ஆனால் கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்துத் தேநீரைக்கூடத் தீண்டாமை ஆக்கிய கெட்டிக்காரர்கள் நாம். ஞாயிறு காலையில் ஒரே பாத்திரத்து அப்பத்தை நாக்கில் வாங்கிக்கொண்டு, மாலையில் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசப் போகிறோம். குத்துவிளக்கு இதை வெளிச்சம் போட்டுக் காட்டுமே தவிர, மறைக்காது.

ஆகவே நண்பருக்கு ஒரு வார்த்தை: விளக்கு எரியட்டும், பொங்கல் பொங்கட்டும், அதனால் வேதம் கெட்டுப் போகாது. எங்கள் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: செருப்பைக் கழற்றுவது சுலபம், அது காலில் இருப்பது. கோயில் வாசலில் கழற்ற வேண்டிய வேறொன்று தலையில் இருக்கிறது. அதைக் கழற்றாதவன் எந்தப் பாயில் உட்கார்ந்து பூசை கண்டாலும், அவன் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான்.