தட்டின் இடது பாதி

தட்டில் வலப்பக்கச் சோறு மட்டும் காலியாகியிருக்கும். இடப்பக்கம் கூட்டும் பொரியலும் வைத்தது வைத்தபடி. கேட்டால், “கூட்டு எங்கே வச்சீங்க?” என்று கோபம் வேறு. தேவிகுளம், பீர்மேடு தோட்ட லயங்களிலும் பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும், பக்கவாதம் வந்த பெரியவரின் இந்தப் போக்கைப் பிடிவாதம் என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். பார்வை போய்விட்டதென்று போடிமெட்டு இறங்கித் தேனிக்குக் கண் காட்டப் போவோரும் உண்டு. பலருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது.

மூளையின் வலப்பாதி அடிபட்டால், இடப்பக்க உலகம் கவனத்திலிருந்தே நழுவிவிடலாம். பாதி முகம் சவரம் செய்வார்கள். நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொள்வார்கள். 1978இல் பிசியாக், லுட்சாட்டி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்துச் சொல்லும்படி இத்தகைய நோயாளிகளைக் கேட்டார்கள். ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். ஆலய வாசலில் நின்று எதிரே பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டவை வந்தன. சொன்னவை காணாமல் போயின! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் குழு 1990களில் கண்டது இன்னும் விசித்திரம். வலப்பக்கம் வைத்த கண்ணாடியில் தெரிந்த பேனாவை எடுக்கச் சொன்னால், பேனா இடப்பக்கம் இருக்க, சிலர் கண்ணாடிக்குள் கைவிடப் பார்த்தார்கள்.

ஆகவே “பார்த்து நட” என்று அதட்டிப் பயனில்லை. பார்க்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. நடை வந்தால் வைத்தியம் முடிந்தது என்று நாம் விட்டுவிடுகிறோம். லயத்துப் படியில் விழுவது அப்படி நடக்கத் தொடங்கியவர்தான்.

கட்டிலுக்கு இடப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர்ச் செம்பு மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். செய்தித்தாள் வாசிப்பவருக்கு இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. இடது கை சற்றேனும் அசைந்தால், அதை இடப்பக்கத்திலேயே அசைக்கப் பழக்குங்கள். முப்பட்டகக் கண்ணாடி போட்டுப் பழக்கும் முறையும் 1998 முதல் உண்டு. எல்லோருக்கும் பலிக்கும் என்று நிரூபணமாகவில்லை. எதற்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கேரளத்தில் 2008இலேயே பாலியேட்டிவ் (நோய்த்தணிப்புப் பராமரிப்பு) கொள்கை வந்துவிட்டது. அதன்படி பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். பிரஷர் பார்த்ததும் அவரை அனுப்பிவிடாதீர்கள். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் குறியிடப் பெரியவரிடம் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் நன்றாகத் தள்ளி விழுந்தால், அந்தத் தாளைக் காட்டி பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஏற்பாடு கேளுங்கள்.