“எல்லாருக்கும்தானே கஷ்டம் வந்தது, உனக்கு மட்டும் என்ன?”



இந்தக் கேள்வியை நம் ஊர்களில் கேட்காதவர் இல்லை. கல்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி, பாலாவி என்று எங்கும், மனம் உடைந்து முடங்கிப்போன ஒருவரைப் பார்த்தால் இதைத்தான் கேட்கிறோம். கூடவே “ஈமான் குறைவு” என்றும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். சுமார் 75,000 பேர் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நமது மாவட்டத்துக்கு வந்தார்கள். ஒரே இழப்பு, ஒரே ஓலைக் குடிசை. ஆனால் ஒரே குடும்பத்தில் நானா கடை போட்டு எழும்பினார். தம்பிக்கு இன்றும் இரவில் தூக்கமில்லை. தம்பி ஈமான் இல்லாதவரா?

அப்படி இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த 450 பேரிடம் டொக்டர் செஸ்மல் சிறிவர்தனவும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 18.8 வீதமானோருக்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு, ஏதோவொரு உளப் பாதிப்பு இருந்தது. அதில் அதிகமாகக் காணப்பட்டது, சோதித்தும் காரணம் பிடிபடாத உடல் நோவுகள். துணையை இழந்தவர்களும் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே வறுமைக்கும் தனிமைக்கும் இதில் பெரிய பங்குண்டு. ஆனால் அவை மட்டுமே காரணமல்ல.

ஆபத்து வந்ததும் மூளை உத்தரவிட, சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி கோர்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் அதே கோர்டிசோல்தான் மூளைக்குப் போய் “போதும், நிறுத்து” என்று சொல்ல வேண்டும். அந்த நிறுத்தும் வேகம் ஆளுக்காள் வேறுபடும். எஃப்கேபிபி5 போன்ற மரபணுக்களுக்கு அதில் பங்குண்டு. சிலருக்குச் சீக்கிரம் அடங்கும். சிலருக்கு, கதவு தட்டும் சத்தம் கேட்டாலே 30 வருடத்துக்கு முந்திய பயம் திரும்பவும் எழும்பும். அது அவர் விரும்பி எடுத்ததல்ல, அவருடைய உடம்பின் அமைப்பு.

நம் நாட்டிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. பேராசிரியர் அதுல சுமதிபாலவின் குழு கொழும்பு மாவட்டத்தில் இரட்டையர்களை வைத்து ஆய்வு செய்தது. மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு ஆண்களை விடப் பெண்களிடம் தெளிவாகத் தெரிந்தது.

இதை வாசித்துவிட்டு யாரும் கல்யாணப் பேச்சில் “அந்தக் குடும்பத்தில் வருத்தம் இருக்கு” என்று கிளம்பிவிட வேண்டாம். 2003இல் செரோட்டோனின் தொடர்பான ஒரு மரபணுவைப் பற்றி உலகமே பேசியது. அதன் ஒரு வகை இருந்தால், கஷ்டம் வரும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்புக் கூடும் என்றார்கள். 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவுகளைச் சோதித்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. ஒரு மரபணு ஒரு மனிதனின் விதியைத் தீர்மானிப்பதில்லை. சிறிய சிறிய பங்குள்ள எத்தனையோ மரபணுக்கள் இருக்கின்றன. வாழ்க்கைச் சூழல் அவற்றோடு சேர்கிறது. மரபணுவை நம்மால் மாற்ற ஏலாது. சூழலை மாற்றலாம்.

ஆசிரியர்களான நாங்கள் இதை வகுப்பில் தினமும் காண்கிறோம். ஒரே ஏச்சை ஒரு பிள்ளை இடைவேளைக்குள் மறந்துவிடும். இன்னொரு பிள்ளைக்கு ஒரு கிழமைக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி. புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்தில் “ராத்தாவைப் பாரு, நானாவைப் பாரு” என்று ஒப்பிடும் உம்மா வாப்பாமார் இதை யோசிக்க வேண்டும். ராத்தாவின் மூளை வேறு, தங்கச்சியின் மூளை வேறு.

யஃகூப் நபி (அலை) மகனைப் பிரிந்த கவலையில் கண் வெளுக்கும் வரை கலங்கினார்கள் என்பதைக் குர்ஆனில் ஓதுகிறோம். நபியவர்களின் கவலையை யாரும் ஈமான் குறைவு என்று சொல்வதில்லை. அயல்வீட்டுக்காரரின் கவலையை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

துஆ கேட்போம், மருந்தும் செய்வோம். அரச வைத்தியசாலைகளின் உளநல கிளினிக்குகளுக்குப் போவது வெட்கமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அடுத்த முறை “உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்க வாய் வந்தால், “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் இருப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.