அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார்கள்

பத்தாம் வகுப்பு மாணவி, விழிதியூர்

"ஓட்டலில் சாப்பிடுவது வீண் செலவு" என்பார் சிலர். "வீட்டுச் சாப்பாடு அலுத்துவிட்டது, ஓட்டலுக்குப் போகலாம்" என்பார் வேறு சிலர். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அக்கருத்து எனக்குத் தோன்றிய இடம் புதுச்சேரியில் உள்ள ஓர் இத்தாலிய உணவு விடுதி.

காரைக்காலைச் சேர்ந்த விழிதியூர் எங்கள் ஊர். சென்ற மே மாத விடுமுறையில் அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, நான் ஆகிய ஐவரும் புதுச்சேரியில் இருக்கும் மாமா வீட்டிற்குச் சென்றோம். காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே யூனியன் பிரதேசம்தான். ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் செல்ல வேண்டும். மாமா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். அதைக் கொண்டாட, தெருக்கோடியில் இருந்த அந்த விடுதிக்கு மாமா எல்லோரையும் அழைத்துச் சென்றார்.

மெனு அட்டையைப் பார்த்ததும் அப்பா திகைத்துவிட்டார்கள். "மாவைத் தட்டி, மேலே தக்காளியைப் போட்டால் அதற்கு நானூறு ரூபாயா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அப்பா சொன்னது ஒரு விதத்தில் சரிதான். பிட்சா என்பது கோதுமை மாவைப் புளிக்க வைத்துத் தட்டி, தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் பரப்பி, நல்ல சூடான அடுப்பில் சில நிமிடங்களில் வேகவைத்து எடுப்பது. நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் பசியாற்றிய உணவு அது. அதைச் செய்யும் கலையை 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஸ்பகெட்டியைப் பார்த்த அப்பாயி, "இது நம்ம இடியாப்பத்துக்கு அண்ணன்" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

என் மனத்தில் நின்றது பிட்சாவும் அன்று, ஸ்பகெட்டியும் அன்று. என் அம்மாதான்.

முதல் தட்டு வந்ததும் அம்மா அதைத் தம்பி பக்கம் நகர்த்தினார்கள். தண்ணீர் தீர்ந்ததும் எழுந்து கொண்டுவர நாற்காலியைப் பின்னே தள்ளினார்கள். பரிமாறிய அண்ணன், "நீங்க உக்காருங்கம்மா, நான் கொண்டு வர்றேன்" என்றார். அம்மா கூச்சத்துடன் உட்கார்ந்தார்கள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார்கள்.

நான் அதைக் குறை என்று நினைத்து, "ஆறட்டும் அம்மா" என்றேன். "இல்லடி, நல்லா இருக்கு" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் தோசை சூடாக வரும். அது அப்பாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் அப்பாயிக்கும். அம்மா கல்லை இறக்கிவிட்டு உட்காரும்போது மீதி இருப்பது ஆறிப்போன இரண்டு தோசையும் சட்டியின் அடியில் ஒட்டிய சட்னியும்தான். பதினைந்து ஆண்டுகளாக நான் அம்மா கையால் சாப்பிடுகிறேன். அம்மா சூடாகச் சாப்பிட்டார்களா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுதியை விட்டுப் புறப்படுகையில் அம்மா பரிமாறியவரிடம், "தம்பி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். "பதினோரு மணிக்கு மேலதாம்மா" என்றார் அவர். எங்களில் வேறு யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் சாப்பிடுபவருக்குத்தான் கடைசியில் சாப்பிடுபவரின் பசி தெரியும் போலும். அவருக்காவது அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? மத்திய அரசு 2019-ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ஆனாலும் கடற்கரைப் பக்கத்தில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சுவது குழம்புதான், மீன் அல்ல.

"அந்நிய நாட்டுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு நம் வழக்கத்தைக் குறை சொல்கிறாயா?" என்று யாரேனும் கேட்கலாம். இத்தாலியிலிருந்து வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தே நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்து, இறைச்சியை விட்டு, நம் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். நம் குழம்பில் போடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்பது நமக்குப் புதிதன்று. அந்த மேசையில் நான் கண்ட நல்லது ஒன்றே. தட்டை நடுவில் வைத்தார்கள், அவரவர் எடுத்துக்கொண்டோம், எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

அதற்காக மாதந்தோறும் ஓட்டலுக்குப் போக முடியுமா? எங்களைப் போன்ற விவசாயக் குடும்பத்துக்கு அது இயலாத காரியம். ஆகவே ஊர் திரும்பியதும் நானும் தம்பியும் ஒரு திட்டம் போட்டோம். ஞாயிறு இரவு அம்மா அடுப்படிக்குள் வரக்கூடாது. நான் பாதி தோசை, தம்பி பாதி. அப்பாவும் கரண்டியைப் பிடித்தார்கள். அவர்கள் சுட்ட முதல் தோசை புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று நம் மாநில வரைபடம் போலவே நான்கு துண்டாக வந்தது!

"ஆம்பிள்ளை அடுப்படியில் நிக்கிறதா?" என்று அப்பாயி முகம் சுளித்தார்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பில் மீனும் அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்த சீடர்களைச் சாப்பிட அழைத்ததை அப்பாயிக்கு நினைவூட்டினேன். அப்பாயி பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "சரி, எனக்கும் ஒண்ணு சூடா கொண்டா" என்றார்கள். அம்மாவுக்கு முன் அந்த அடுப்படியில் ஐம்பது ஆண்டு நின்றவர்கள் அவர்கள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"பிள்ளைகளுக்குப் பரிமாறுவதில்தான் எனக்குத் திருப்தி" என்று அம்மா இன்றும் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தத் திருப்தியைக் காரணம் காட்டி நாம் உட்கார்ந்தே இருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

அன்புத் தோழியரே! நாளை நாமும் குடும்பத் தலைவியர் ஆவோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று மட்டும் கவனியுங்கள். பெற்றோரே, உங்கள் மகனிடமும் ஒரு நாள் கரண்டியைக் கொடுங்கள். தோசை நான்கு துண்டாக வந்தாலும் பரவாயில்லை. சூடாக இருந்தால் போதும்.