கடையை மூடியாயிற்று, கடன் யார் தலையில்?

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு. ஜெர்மனியின் கடைசி மூன்று அணுமின் நிலையங்களான ஈசார் 2, எம்ஸ்லாண்ட், நெக்கர்வெஸ்தைம் 2 ஆகியவை நிறுத்தப்பட்டன. எதிர்ப்பாளர்கள் கொண்டாடினார்கள். ஆதரவாளர்கள் புலம்பினார்கள். இரு தரப்பும் கணக்கை மட்டும் மறந்துவிட்டன!

வணிகச் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டினால் கடை மூடியதாகி விடுமா? வாடகைப் பாக்கி, சரக்குப் பாக்கி, ஆள் கூலி எல்லாம் தீர்ந்தால்தானே கணக்கு முடியும்?

அணு உலையில் அந்தப் பாக்கி வெகு நீளமானது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் கம்பிகள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்ற வேண்டும். பின்னர் தடித்த இரும்புக் கலங்களில் அடைக்க வேண்டும். உலைப் பாத்திரத்தையோ ஆள் நெருங்க முடியாது. தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் தண்ணீருக்குள்ளேயே அறுக்கிறார்கள். சுவரைச் சுரண்டி, துண்டு துண்டாகக் கதிர்வீச்சை அளந்த பிறகே எதையும் வெளியே விடுகிறார்கள். வூர்காசன் நிலையத்தைப் பிரித்தெடுக்க 1997 முதல் 2014 வரை ஆயிற்று. கிரைஃப்ஸ்வால்டில் 1995-ல் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

மூல்ஹைம்-கேர்லிஷ் கதை இன்னும் வேடிக்கை. நிலநடுக்க அபாயம் கருதிக் கட்டடத்தை வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். ஆனால் அதற்கு முறைப்படி அனுமதி பெறவில்லை. 1988-ல் நீதிமன்றம் அனுமதியையே ரத்து செய்துவிட்டது. வணிக ரீதியில் மின்சாரம் விற்றது சுமார் 13 மாதங்கள்தான். 2004-ல் தொடங்கிய பிரிப்பு வேலையோ இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது!

சரி, செலவு யாருடையது? நிலையத்தைப் பிரிக்கும் செலவு கம்பெனிகளுடையது. அதுவரை நியாயம்தான். கழிவு விஷயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2017-ல் கம்பெனிகள் சுமார் 2,400 கோடி யூரோவை அரசு நிதியத்தில் கட்டிவிட்டுக் கைகழுவிக்கொண்டன. இனி கழிவைக் காப்பதும் புதைப்பதும் அரசின் பொறுப்பு. பணம் போதாமல் போனால்? வரி கட்டுபவன் தருவான்! இலாபத்தைத் தனியே சாப்பிட்டவர்கள் நட்டத்தை ஊருக்குப் பங்கு வைத்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. போதாததற்கு, 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அவசரமாக மூடும்படி ஆனதற்காக அதே கம்பெனிகளுக்கு 2021-ல் சுமார் 240 கோடி யூரோ இழப்பீடு தர அரசு ஒப்புக்கொண்டது. 2010-ல் உலைகளின் ஆயுளை நீட்டித்துவிட்டு அடுத்த ஆண்டே அதை வெட்டியவர் ஒரே மெர்க்கல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழிவைப் புதைக்க இடமாவது உண்டா? அதுவும் இல்லை. 2031-க்குள் இடம் தேர்வாக வேண்டும் என்றது சட்டம். 2046-க்கு முன் ஆகாது என்று பொறுப்பிலுள்ள நிறுவனமே 2022-ல் சொல்லிவிட்டது. அவசரப்பட்டுப் புதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அஸ்ஸே உப்புச் சுரங்கம் சாட்சி. 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை அங்கே இறக்கினார்கள். 1988 முதல் தண்ணீர் கசிகிறது. அத்தனையையும் மேலே எடுக்க 2013-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அதுவரை உயர் கதிர்வீச்சுக் கழிவுக் கலங்கள் தற்காலிகக் கிடங்குகளில்தான் இருக்கும். கோர்லேபென் கிடங்கின் 40 ஆண்டு அனுமதி 2034-ல் முடிகிறது.