ஒரு நிஜமான பிளேடு பதிவு

தலைப்பைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க மக்களே. நான் எழுதுறது எல்லாமே பிளேடுதான்னு நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிட்டாங்க. இந்தத் தடவை நெஜமாவே இரும்பு பிளேடு. புல்டோசருக்கு முன்னாடி இருக்குமே, அது :-)

எங்க மாமாகிட்ட ஒரு சின்ன டோசர் இருக்கு. சுமார் நாலு டன். தோட்டம் லெவல் பண்ண, வரப்பு ஒதுக்க, பண்ணைக்குட்டை கரைக்கு மண் தள்ளன்னு வாடகைக்குப் போகும். கணக்கு நோட்டு என் கையில. அதனால கீழே நான் திட்டப்போறதுல எனக்கும் பங்கு உண்டு.

போன வருஷம் பிளேடு மெதுவாத் தூக்க ஆரம்பிச்சுது. எஞ்சினை ஏத்தினா பம்ப் பக்கம் ஊய்ய்னு ஒரு கத்தல். மெக்கானிக் வந்தார், காதை வெச்சுக் கேட்டார், "பம்ப் போச்சுங்க"ன்னார். மாத்தினோம். 60 ஆயிரத்துக்கு மேல பில். மறுநாள் காலையில பார்த்தா புதுப் பம்ப்பும் அதே ராகத்துல பாடுது.

கடைசியில டேங்க்கைத் திறந்தா உறிஞ்சுற குழாய் வாயில இருக்கிற சல்லடை முழுக்க நூல். பனியன் வேஸ்ட் நூல்! ஆயில் ஊத்தும்போதெல்லாம் மூடியை அந்தத் துணியாலதானே துடைக்கிறோம். சல்லடையைக் கழட்டிக் கழுவி மாட்ட ரெண்டு மணி நேரம். கத்தல் நின்னுடுச்சு.

மாமா மெக்கானிக்கைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்துக்கிட்டேன். ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தப்பதான் உறைச்சுது. அந்த நோட்டுல 'பம்ப் மாத்தினதுக்கு' கூலி இருக்கு, 'சீல் மாத்தினதுக்கு' கூலி இருக்கு. 'என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சதுக்கு' ஒரு பைசா கூலி எந்தப் பக்கத்துலயும் இல்லை. அரை நாள் உட்கார்ந்து சோதிச்சுட்டு, "சல்லடை அடைப்புங்க, கழுவினாப் போதும்"னு ஒரு மெக்கானிக் சொன்னா நாம அவருக்கு என்ன தருவோம்? ஒரு டீயும் நூறு ரூபாயும். அப்புறம் அவர் ஏன் சோதிக்கப்போறார்? பம்ப்தான் மாத்துவார்.

என் கட்சி இதுதான்: டோசர் ஹைட்ராலிக்ஸ்ல பாதி பணம் விரயமாகிறது மெக்கானிக்கால இல்லை, கண்டுபிடிக்கிறதுக்குக் கூலி தராத எங்களை மாதிரி ஓனர்களால.

கண்டுபிடிக்கிறது ஒண்ணும் மாயமந்திரம் இல்லை. செலவில்லாததுல ஆரம்பிச்சு, செலவு புடிக்கிறதுக்குப் போகணும். அவ்வளவுதான்.

1. எல்லா வேலையும் மந்தமா, ஒண்ணு மட்டுமா? தூக்குறது, திருப்புறது, சாய்க்கிறது மூணுமே மந்தம்னா மூணுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்க. ஆயில் அளவு, சல்லடை, ஃபில்டர், ரிலீஃப் வால்வு, கடைசியா பம்ப். ஒண்ணு மட்டும் மந்தம்னா பம்ப்பைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு வேலைக்கான லீவர், ஸ்பூல், ஹோஸ், சிலிண்டரோட நிறுத்திக்கலாம்.

2. ஆயில் என்ன சொல்லுது? நுரை வந்தா காத்து இழுக்குது. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. கருகின வாசனை வந்தா சூடு ஏறியிருக்கு. எந்த கிரேடு ஆயில்னு கையேட்டுல இருக்கும், கடைக்காரரைக் கேக்காதீங்க.

3. லீவர் முழுசா நகருதா? தூக்குற லீவரைக் கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளினா ஃப்ளோட். பிளேடு தரையோட மேடு பள்ளத்துக்கு ஏத்தபடி தானா மிதக்கும். லீவர் இணைப்பு தேய்ஞ்சு அங்கேயே மாட்டிக்கிட்டா, 'பிளேடு அமுக்கவே மாட்டேங்குது'ன்னு ஹைட்ராலிக்ஸ் மேல பழி விழும்.

4. தூக்கி நிறுத்தின பிளேடு மெதுவா இறங்கினா சிலிண்டர் சீல், இல்லேன்னா ஸ்பூல் தேய்மானம். தூக்க ஆரம்பிக்கும்போது மட்டும் லேசா இறங்கிட்டு அப்புறம் ஏறினா அது வேற, லோட் செக் வால்வு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு சீல் மாத்தினவங்க நிறைய.

5. லெவல் பண்ணின தரை அலை அலையா வருதா? ஹைட்ராலிக்ஸைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி பிளேடு பின்னையும் புஷ்ஷையும் ஆட்டிப் பாருங்க. பின் தேய்ஞ்சா எந்த வால்வாலயும் பிளேடைப் புடிச்சு நிறுத்த முடியாது.

இதெல்லாம் பார்த்த பிறகு கேஜ். ஆயில் சூடானதும் சோதனை முனையில மாட்டி, லீவரை முட்டுற வரைக்கும் புடிச்சு, அழுத்தத்தைக் கையேட்டோட ஒப்பிடணும். கேஜ் இல்லாம ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை அரை சுத்து, ஒரு சுத்துன்னு இறுக்குறது நம்ம ஊர்ப் பழக்கம். அன்னைக்கு நல்லாத் தூக்கும். அப்புறம் ஹோஸ் வெடிக்கும்.

"முப்பது வருஷ அனுபவம், காது சொல்லும்"னு சிலர் சொல்லுவாங்க. ஒத்துக்கிறேன், காது நல்லாவே சொல்லும். எங்க மெக்கானிக் காதும் சரியாத்தான் சொல்லுச்சு, பம்ப் பக்கம் பிரச்சினைன்னு. பம்ப் கெட்டிருக்கா, பம்ப்புக்கு ஆயில் வரலையான்னு காதுக்குத் தெரியாது. அதைத் திறந்து பார்க்கணும், அளக்கணும்.

பணம் போனது பரவாயில்லைங்க. இதுக்கு மேலதான் இந்தப் பதிவை எழுத வெச்ச விஷயம்.

அதுக்கு மூணு மாசம் கழிச்சு ஆயில் குறைய ஆரம்பிச்சுது. எங்கே ஒழுகுதுன்னு தெரியலை. எங்க ஆபரேட்டர் அண்ணன் பிளேடைத் தூக்கி வெச்சு, எஞ்சினை ஓட விட்டு, ஹோஸை விரலால தடவிப் பார்த்திருக்கார். காலங்காலமா எல்லாரும் செய்யறதுதான். "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனுச்சுங்க, ஒண்ணுமில்லீங்க"ன்னார். விரல்ல ஊசிமுனை அளவு புள்ளி. வலியும் பெருசா இல்லை. பக்கத்துல ஒரு கிளினிக்ல டிடி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ராத்திரி கை வீங்கி, மறுநாள் கோயமுத்தூர்ல ஆபரேஷன். விரல் தப்பிச்சுது, ஆனா மடக்க வராது. லீவர் புடிக்கிற கை.

இந்த மாதிரி சின்ன மெஷின்லயே 2000 முதல் 3000 பிஎஸ்ஐ வரைக்கும் அழுத்தம் ஓடும். கார் டயர்ல 30, 35 தான். அந்த வேகத்துல ஊசித்துளை வழியா வர்ற ஆயில் கையுறையைத் தாண்டி தோலுக்குள்ளே போயிடும். உள்ளே போய் சதையை அழிக்கும். வெளியே புள்ளிதான் தெரியும். அது அவசர ஆபரேஷன் கேஸ், மணிக்கணக்குல முடிவு மாறும். டாக்டர்கிட்ட "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோட உள்ளே போயிருக்கு"ன்னு அழுத்திச் சொல்லணும், ஆயில் பேரையும் சொல்லணும். எங்களுக்கு அப்போ இது தெரியாது.

செய்ய வேண்டியது: பிளேடைத் தரையில இறக்கு, எஞ்சினை அணை, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி மிச்ச அழுத்தத்தை விடு, அப்புறம் ஹோஸைத் துடைச்சுப் பாரு. ஓடும்போதே பார்த்தாகணும்னா கண்ணாடி போட்டுக்கிட்டு, தள்ளி நின்னு, ஒரு அட்டையை நீட்டு. அட்டை நனைஞ்சா அங்கே ஒழுகுது. அட்டைப்பெட்டி எந்தப் பெட்டிக்கடையிலயும் சும்மா கிடைக்கும்.

தடவிப் பார்த்ததும் ஊகம்தான், பம்ப் மாத்தினதும் ஊகம்தான். முதல் ஊகத்துக்கு 60 ஆயிரம், ரெண்டாவதுக்கு ஒரு மனுஷன் விரல். ரெண்டு தடவையும் அரை நாள் மெஷின் நிக்கக் கூடாதுன்னு நெனச்சது நாங்கதான். அண்ணன் அவசரப்பட்டது எங்களுக்காக.

இப்போ நோட்டுல ஒரு புதுப் பத்தி போட்டிருக்கேன்: 'சோதனைக் கூலி'. கோளாறு கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் மெக்கானிக்குக் கொடுக்கணும். மாமா முணுமுணுத்தார், "கழட்டாததுக்கு எதுக்கு மாப்ள காசு?"ன்னு. அண்ணன் கையைப் பார்த்துட்டு அப்புறம் பேசலை. பனியன் வேஸ்ட்டுக்கும் தடை. ஸ்பூலுக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற தூசி நம்ம கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியற நூலை நாமளே உள்ளே போடுறது அநியாயம்.

டிஸ்கி: டோசர் இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும். ஜேசிபி, டிராக்டர் டிப்பர், ஊர்க் கடையில கார் தூக்குற லிஃப்ட் எல்லாத்துலயும் அழுத்தத்துல ஓடுற ஆயில்தான். உங்க வீட்டுல யாராவது அந்த வேலையில இருந்தா அட்டை விஷயத்தை மட்டுமாவது சொல்லிடுங்க. உங்க ஊர்ல சோதனைக்குக் கூலி தர்றாங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டுறதா இருந்தாலும் திட்டலாம், பிளேடு போட்டது நான்தானே :-)