வழுக்கை ஒரு குறையா?

சென்ற தவக்காலத்தில் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். வயது முப்பத்தொன்று, நிலையான வேலை, பீடச் சிறுவராய் நம் கண்முன் வளர்ந்தவர். மூன்று பெண்வீட்டார் அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டனர். முன்தலையில் முடியில்லை என்பதே காரணம். தாயின் நகைகளை அடகு வைத்து முடிமாற்று சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்டார்.

அவரை இக்கேள்விக்குத் தள்ளியவர்கள் யார்? ஞாயிறுதோறும் நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர்தாம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டையடித்துத் திரும்புபவரைப் பக்தியுள்ளவர் என்கிறோம். அதே தலை தானாக முடியிழந்தால் முகம் சுளிக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்? லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம் தோல்நோய்களைத் துருவித் துருவி ஆராயும் கண்டிப்பான அதிகாரம். அங்கேகூட முடி உதிர்ந்து வழுக்கையானவன் தூய்மையானவன் என்றே தீர்ப்பாகிறது. மோசேயின் சட்டம் ஏற்றுக்கொண்டவனை நம் பெண்வீட்டார் ஏற்க மறுக்கின்றனர்!

மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. 1939-இல் ஜப்பானிய மருத்துவர் ஒக்குடா தீக்காயத்தால் முடியிழந்தோருக்கு முடி நட்ட செயல் இரக்கத்தின் செயலே. ஆனால் இன்று விளம்பரங்கள் விற்பது வேறு. பின்தலை முடியைப் பெயர்த்து முன்தலையில் நடுகிறார்கள். புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. பின்தலையின் கையிருப்போ அளவுடையது. நட்ட முடியைச் சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரவும் கூடும். மினாக்சிடில் இரத்த அழுத்தத்திற்கென வந்த மருந்து. அதை உண்டோருக்கு உடலில் முடி வளரக் கண்டே தலையில் தடவும் மருந்தாக்கினர். தடவுவதை நிறுத்தினால் அதனால் வளர்ந்தது உதிர்ந்துவிடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையோ சிலருக்கு இல்லற உறவையே பாதிக்கிறது. மணமாக வேண்டுமென்று அதை விழுங்கும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்வோர் எத்தனை பேர்?

2016-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் முடிமாற்று சிகிச்சை பெற்ற இளைஞர் ஒருவர் இரண்டொரு நாளில் உயிரிழந்தார். அவரே மருத்துவம் பயின்றவர். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இச்சிகிச்சைக்கு நெறிமுறை வகுத்தது. காணொளி பார்த்துக் கற்பது போதிய பயிற்சியாகாது என்று ஓர் ஆணையம் எழுதி வைக்க வேண்டியிருந்ததே, அதிலிருந்து நிலைமையை உணரலாம்.

அந்த இளைஞரைத் தகுதியுள்ள தோல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். விருப்பமிருந்தால் செய்துகொள்ளட்டும்; அது அவர் தலை. நகையை மட்டும் அடகு வைக்க வேண்டாமென்று கண்டிப்பாகச் சொன்னோம்.

பிறகு நம் பங்கின் மணத்தகவல் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றை அடுத்து, ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம். இத்தனை ஆண்டுகளாக அதில் நாமும் கையொப்பமிட்டு வந்திருக்கிறோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். புதிய படிவத்தில் அக்கட்டம் இராது. பெற்றோர் சிலர் இப்போதே முணுமுணுக்கின்றனர். முணுமுணுக்கட்டும்.